இடது இறக்கையின் அடியில் கொஞ்சம் மண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் கழிந்த மாதம். ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்கு மேடை அலங்காரம் செய்யப் போயிருந்தேன். கல்யாணமோ காதணி விழாவோ கோயில் திருவிழாவோ, தெர்மாகோலில் எழுத்தும் பூவும் வெட்டி மேடை கட்டித் தருவதுதான் என் தொழில். படிப்பு பத்தாவதோடு சரி. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. மேடைக்குப் பின்பக்கம் நின்று பார்க்கிற வேலை என்பதால் காலம் ஓடுகிறது.

தொழிலைத் தவிர எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சிரிப்பார்கள் என்று வெளியே அதிகம் சொல்வதில்லை. பழைய பொம்மை ராக்கெட்டுகளைத் தேடிச் சேர்ப்பது, கிடைக்காததை அதே மாதிரி செய்து பார்ப்பது. அதிலும் கிளைடர் வைத்த ராக்கெட் என்றால் எனக்கு உயிர். முழ நீளத்துக்கு ஓர் அட்டைக் குழாய் ராக்கெட். அதன் முதுகில் ஒரு சின்ன விமானம் தொற்றிக்கொண்டு போகும். உச்சிக்குப் போனதும் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ராக்கெட் பாராசூட்டை விரித்து ஒரு பக்கமாக இறங்கும். அந்த விமானம் தனியே பிரிந்து, எஞ்சின் எதுவும் இல்லாமல் காற்றிலேயே மிதந்து இறங்கும். அதுதான் கிளைடர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைப் பெட்டியாக வாங்கி, வீட்டில் ஒட்டி, விட்டு விளையாடியிருக்கிறார்கள்.

முதல் பெட்டி எனக்குக் கிடைத்தது திருமயம் பக்கத்தில் ஒரு காயலான் கடையில். ஏதோ ஒரு பெரிய வீட்டைக் காலி செய்து வந்த சாமான்களோடு கிடந்தது. உள்ளே இறக்கையின் அச்சுப் போட்ட மெல்லிய பலகை இருந்தது. பால்சா என்று ஒரு மரம். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிற நெட்டி மாதிரி கனமே இருக்காது, ஆனால் நெட்டியை விடக் கெட்டி. எனக்கு இங்கிலீஷ் வராது. படத்தை மட்டும் பார்த்து ஒட்டினேன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. பிறகு, இதே கிறுக்குப் பிடித்த வெளிநாட்டுக்காரர்கள் போனில் போடுகிற பழைய வரைபடங்களைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தேன். பலகையையும், இந்த ராக்கெட்டுக்கென்றே விற்கிற, மருந்து அடைத்த, ஒருமுறை எரிந்தால் தீர்ந்துபோகிற சின்ன மோட்டாரையும் சென்னையில் ஒரு கடை மூலம் வரவழைப்பேன். தீபாவளி வாணத்தைக் கட்டி விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலைக்கே நான் போவதில்லை.

திருவிழா அன்று என் லோடு ஆட்டோவின் முன்சீட்டில் நான் செய்த கிளைடர் ஒன்று இருந்தது. வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு அறுபது வயது இருக்கும்.

“இது ஏது தம்பி? எங்க வீட்டு உத்தரத்துல தொங்குனது எறங்கி வந்து ஒங்க வண்டியில ஒக்காந்திருக்கு?”

நான் செய்தது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப வீட்டுக்கு வந்து எங்க ஆளுகிட்ட மூஞ்சியக் காட்டிட்டுப் போங்க. ஒலகத்துலயே தான் ஒருத்தருதான் கிறுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஆறுதலா இருக்கும்.”

வேலை முடிந்ததும் போனேன். அவர் கணவர் வாசல் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லாரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கி, வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணில் மங்கலாகத் தெரிகிறது, அதுவும் ரொம்ப நாள் நிற்காது என்று மதுரையில் சொல்லிவிட்டார்களாம். இதையெல்லாம் அந்த அக்காதான் சொன்னார். அவர் கணவர் உள்ளே உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு பழைய கிளைடர் நூலில் தொங்கியது.

அந்த ரகத்தை அதுவரை போனில் படமாக மட்டும்தான் பார்த்திருந்தேன். இறக்கை நடுவில் லேசாக மடிந்து, பறவை திரும்பும்போது தெரிகிற மாதிரி இருக்கும். ஓரத்தில் மெல்லியதாக இரண்டு சிவப்புக் கோடுகள். அவரிடம் கேட்டுவிட்டு அதை மெதுவாக இறக்கினேன். எப்படியாவது இதை நம் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டதும் உண்மை.

அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவராம். ஒரு லீவுக்கு வந்தபோது தம்பிக்காக இந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறார். அண்ணனே ஒட்டி, ஊர்க்குளம் வற்றிக் கிடந்தபோது விட்டுக் காட்டியிருக்கிறார். மோட்டார் தீரும் வரை விட்டார்கள். அடுத்த லீவில் மோட்டார் வாங்கி வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். உடல் ஊருக்கு வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது, இவருக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. இந்தக் கிளைடர்தான் இருந்தது.

“மேல போயி பிரிஞ்சு, கோயிலுக்கு மேல ஒரு வட்டம் அடிச்சிட்டு நம்ம காலடிக்கே வந்து எறங்கும் தம்பி. நாய்க்குட்டி மாதிரி” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “கண்ணு இருக்கையிலேயே அது ஒருவாட்டி சுத்துறதைப் பார்த்துறணும். முடியுமா?”

பழையதைப் பறக்கவிட முடியாது. பூச்சி அரித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. இதே மாதிரி புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். அளவெடுக்க வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டதற்கு, “இங்கேயே வச்சு எடுத்துக்கங்க, வெளிய மட்டும் வேணாம்” என்றார். அதன்மேல் ஒரே தூசி. இடது இறக்கையின் நுனியில், அடிப்பக்கம், சின்ன மண் கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. நம் ஊர்க் குளவி எதில்தான் கூடு கட்டாது?

“தூசியும் மண்ணுமா இருக்கு, தட்டி விட்டுறட்டுமா அண்ணே?”

“ஒண்ணையும் தட்டாதீங்க” என்றார் உடனே.

பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவர்கள் பூசை முடிந்து வரும் நேரத்துக்குப் போய், தினத்தாளை விரித்து, கிளைடரை அதன்மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டியபோது அதைப் பிடித்துக்கொள்வார். எப்போது கையில் எடுத்தாலும் அவருடைய கட்டைவிரல் அந்த இடது இறக்கையின் அடியில் போய் நிற்கும். அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த அக்கா சும்மா இருக்கமாட்டார். “நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே இதைத்தான் மொதல்ல காட்டுனாரு. நகையோ எதுவோ காட்டப் போறாருன்னு பார்த்தா, பலகைய அவுத்து வச்சாரு. இதுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல தம்பி.”

“அது சத்தம் போடாது” என்பார் அவர்.

எனக்கு அந்த வீட்டில் பேச்சு வந்தது. எப்படி என்று தெரியவில்லை. நான் செய்த ராக்கெட்டுகள், எரிந்துபோனவை, பனைமரத்தில் மாட்டியவை என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இப்படி உட்கார்ந்து கேட்டவர்கள் என் வாழ்க்கையில் குறைவு.

விபூதிப் புதனோடு, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. முன்பெல்லாம் நான் கிளம்பும்போது அவர் தெருமுனை வரை வந்து வழியனுப்புவார். அதை நிறுத்திவிட்டார். “வெயில் கண்ணு கூசுதாம்” என்றார் அக்கா. டீயைக் கையில் கொடுத்தால்தான் வாங்கினார், பக்கத்தில் வைத்தால் எடுக்கவில்லை. வயசாகிறது, சோர்வாக இருக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள், “கோடு செவப்பாத்தானே போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். ஆமாம், அதே சிவப்பு, ஒத்துப் பார்த்துக் கலந்தேன் என்றேன். “ஈஸ்டர் முடியவும் விட்டுருவமா?” என்றார்.

நான் வீட்டில் வைத்து அதைச் செய்து முடித்தேன். என் கையால் செய்ததில் அதுதான் சுத்தமான வேலை. வரைந்த கோட்டுக்கும் வெட்டிய பலகைக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. தெருவில் கையால் வீசிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. நான் செய்கிற எல்லாமே நேராகத்தான் போகும். பின்னாலேயே ஓடி எடுத்து வருவேன். கிளைடர் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். வட்டம் அடித்தது என்று அவர் சொன்னதை, அன்றைய காற்று திருப்பியிருக்கும், சின்ன வயதில் பார்த்தது மனதில் பெரிதாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஊரில் சொல்லிவிட்டு, காற்று கிளம்புவதற்கு முன் காலையிலேயே குளத்துக்குள் இறங்கினோம். தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் கூரையோ வைக்கோலோ இல்லாத இடமாகப் பார்த்து, நடுவில் கம்பியை ஊன்றி ராக்கெட்டை மாட்டினேன். அந்த அளவு மோட்டார் என்னிடம் இரண்டுதான் இருந்தது. அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். அவர் வெள்ளை வேட்டி சட்டை போட்டிருந்தார், கோயிலுக்குப் போகிற மாதிரி.

“அப்படியே செஞ்சிருக்கீங்களா தம்பி?”

“அப்படியே அண்ணே. ஒரு இழை மாறல.”

தள்ளி வந்து, ஒயரில் இணைத்திருந்த ஸ்விட்சை அழுத்தினேன். சுர்ரென்று ஏறியது. உச்சியில் ‘டப்’ என்றது. பாராசூட் விரிந்தது. கிளைடர் பிரிந்து, வெயிலில் ஒருமுறை பளிச்சென்று மின்னி, நேராக மேற்கே போனது. திரும்பும் திரும்பும் என்று பார்த்தேன். அது கரையைத் தாண்டி, பனைகளுக்குப் பின்னால் இறங்கி மறைந்துவிட்டது.

 அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நின்றேன். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“அந்தா சுத்துது. சுத்துது பாரு. அண்ணன் விட்ட மாதிரியே இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். ராக்கெட் ஏறிய இடத்துக்கு நேராக முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

அக்கா இன்னும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கங்க சுத்துது? அது கரைக்கு அங்கிட்டுப் போயிருச்சே” என்று சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். அவர் கணவர் சிரிப்பு மாறாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் கையை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஆட்டிப் பார்க்கவில்லை.

“எப்ப இருந்து?” என்றார்.

அவர் முகத்தைக் கீழே இறக்கினார். 

“விபூதிப் புதன் கழிச்சு. தூங்கி முழிச்சேன். இன்னும் விடியலன்னு திரும்பப் படுத்துட்டேன். நீ டீ கொண்டாந்து குடுத்த. அப்பத்தான் விடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுது.”

“ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா மறுபடி மதுரைக்குப் பையத் தூக்குவ. எத்தன வருசம் தூக்கிட்ட. போதும்னு இருந்துச்சு.”

அக்கா அழவில்லை. அவர் முழங்கையை விட்டுவிட்டு, விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டார். அங்கே நிற்க எனக்குக் கூசியது. கிளைடரை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரை ஏறி ஓடினேன். ஓடும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நான் செய்தது வட்டம் அடித்திருந்தால், அவர் சொன்ன பொய் நின்றிருக்கும். தானாகச் சொல்ல நினைத்த ஒரு நாளில், தனக்குத் தோதான வார்த்தையில் அவர் சொல்லியிருப்பார். என் வேலை தப்பியதால், மூன்றாம் ஆள் ஒருவன் முன்னால், நடுக்குளத்தில் அது வெளியே வந்துவிட்டது.

கிளைடர் ஒரு கருவேல முள்ளில் சிக்கியிருந்தது. பெரிய சேதம் இல்லை. கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கியதுமே கட்டைவிரல் இடது இறக்கையின் அடிக்குப் போனது. நுனி வரை தடவினார். திரும்ப ஒருமுறை தடவினார்.

“மண்ணு எங்க தம்பி?”

“குளவி கட்டுனதுன்னு விட்டுட்டேன் அண்ணே.”

“குளவியா?” அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணன் வச்சது தம்பி அது. இந்தக் கொளத்து மண்ணுதான். மொதல்ல இதுவும் இப்படித்தான் நேரா ஓடுச்சு. கரையேறி ஓடி ஓடி எடுத்து, அவருக்குக் காலெல்லாம் முள்ளு. கடைசியில கோந்தும் மண்ணும் கொழச்சு ஒரு பக்கமா ஒட்டுனாரு. கனம் உள்ள பக்கம் சாஞ்சு சுத்த ஆரம்பிச்சிருச்சு. அவரு பெருவெரல் ரேகை இன்னும் அதுல இருக்கு. தொட்டாத் தெரியும்.”

தட்டி விட்டுறட்டுமா என்று நான் கேட்டது நினைவுக்கு வந்தது. 

“இன்னொருவாட்டி விட முடியுமா?” என்று கேட்டது அவர் இல்லை, அக்கா.

“இன்னொரு மோட்டார் இருக்கு அக்கா. அதோட சரி.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீரை ஒரு வெடிப்பில் ஊற்றி, மண்ணைக் கிள்ளிப் பிசைந்தார். என் பையில் இருந்த கோந்தைக் கொடுத்தேன். குழைத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். “எம்புட்டு?”

“புளியங்கொட்டையில பாதி.” அவரே உருட்டினார். அக்கா இறக்கையைத் தாங்கிப் பிடிக்க, அவர் இடம் பார்த்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார். நான் கையால் ஒருமுறை வீசினேன். ரொம்பச் சாய்ந்து சுருண்டது என்று சொன்னேன். நகத்தால் கொஞ்சம் கிள்ளி எடுத்தார். மறுபடி வீசினேன். இந்தத் தடவை அழகாக வளைந்தது. மண் காயும் வரை வெயிலில் வைத்துவிட்டு மூவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். 

கடைசி மோட்டாரை மாட்டிவிட்டு ஸ்விட்சைக் கையில் எடுத்தேன். அக்கா அவருக்குப் பின்னால் போய் நின்று, அவர் தாடையில் தன் உள்ளங்கையை வைத்தார்.

“நான் திருப்புற பக்கம் பாருங்க” என்றார்.

ராக்கெட் ஏறியது. ‘டப்’.

“பிரிஞ்சிருச்சு” என்றார் அவர்.

“ஆமா. இங்கிட்டு வருது. இப்ப பனைக்கு நேரா. திரும்புது, திரும்புது. கோயில் சிலுவைக்கு மேல போகுது. ரெக்க மினுங்குது. இப்ப நமக்குப் பின்னாடி, சேந்தாப்புல திரும்புங்க.”

அவர் முகத்தைத் தாங்கியபடியே அக்கா நகர்ந்தார். அவரும் கூடவே திரும்பினார். அந்த வெடித்த மண்ணில் இரண்டு பேரும் மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றினார்கள். அவருடைய பார்வை இல்லாத கண்கள் கிளைடர் இருந்த இடத்திலேயே சரியாக நின்றன. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடுநடுவே நான் வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த கிளைடர் தரை இறங்கியதை நான் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காலடிக்கு வந்துச்சா?” என்றார்.

“கொஞ்சம் தள்ளித்தான். ஆனா நம்மளத் தாண்டிப் போகல” என்றார் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அக்கா முன்னால் போனபோது, மனசு தாங்காமல் கேட்டேன். கண் தெரியாமல் போன பிறகும் ஏன் அண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை?

“செவப்புக் கோடு ஒத்துப் பார்த்துப் போட்டேன்னு சொன்னீங்களே தம்பி. அம்புட்டு மெனக்கெட்ட மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது? அந்த ‘டப்’புங்குற சத்தம் கேட்டாப் போதும்னு வந்தேன்.”

புதிய கிளைடரைப் பழையதுக்குப் பக்கத்திலேயே அவர்கள் உத்தரத்தில் கட்டிவிட்டு வந்தேன். பழையதை எனக்குத் தருவீர்களா என்று நான் கேட்கவே இல்லை. புதியதைக் கட்டும்போது பழையதில் இருந்த அந்த மண் கட்டியை ஒருமுறை மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். ரேகை இருந்தது.

இன்றைக்கும் அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் அந்த வீட்டுக்குப் போகாமல் வருவதில்லை. அக்கா வாய் குறையவில்லை. அவரும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறார். டீ டம்ளரை இப்போது அக்கா அவர் கையிலேயே கொடுக்கிறார், அது மட்டும்தான் மாற்றம். பழைய பொருள் எது கைக்கு வந்தாலும், அதில் ஒட்டியிருப்பதை என்னவென்று விசாரிக்காமல் நான் சுரண்டுவதில்லை. அதைவிடவும், யாராவது என்னிடம் “நல்லாத் தெரியுது, நல்லா இருக்கு” என்று சொன்னால், அந்தச் சொல்லோடு விட்டுவிடாமல் அவர்கள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள அந்தக் குளம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.